ஆறாத புண்ணும் ஆற்றிய கட்டும்

கத்தியால் வெட்டுண்ட விரல் பத்து நாளில் ஆறிவிடுகின்றது. முள் தைத்த கால் அதனினும் விரைவாக ஆறுகின்றது. மருந்து கட்டினாலும் ஆறும். கட்டாது விட்டாலும், அழுக்குப் படாதிருப்பின், பெரும்பாலும் ஆறும். இவ்வகையைச் சேராத புண் ஒன்று உண்டு. கணுக்காலின் உட்புறத்திலோ, உள்ளங்காலில் பெருவிரலின் அடியிலோ சிறிதாகத் தோன்றி, மாதங்கள் கடந்து, ஆண்டுகள் கடந்து, ஒருவருடைய நடையையும் தொழிலையும் கவர்ந்துகொள்ளும் புண் அது. மேலே புதுத்தோல் மூடுவது போலக் காட்டும். மறுவாரமே மீண்டும் வாய் திறக்கும். வைத்திய நூல்கள் இதனை நாட்பட்ட புண் என்று கூறும்; ஊர் வழக்கில் இது ஆறாப்புண்.

இப்புண்ணின் வரலாற்றைக் கூறப் புகுவோர் மருந்துகளின் வரலாற்றையே கூறிச் செல்வது வழக்கம். தேன், நெய், தைலம், களிம்பு, துத்தம், பஞ்சு என அப்பட்டியல் நீண்டு செல்லும். ஆயினும் இப்புண்ணை உண்மையில் ஆற்றிய முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. மேலே இட்ட பொருளால் ஆறியவை சில; ஆறவிடாது தடுத்துநின்ற ஒன்றை அகற்றியதனால் ஆறியவையே பல. இதனை மனிதர் கண்டுகொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. அதற்கிடையே எத்தனையோ கால்கள் வெட்டி அகற்றப்பட்டன.

இற்றைக்கு ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்தில் எழுதப்பெற்ற பப்பிரசுச் சுருள் ஒன்று 1862ஆம் ஆண்டில் எட்வின் சுமித் என்னும் அமெரிக்கர் கைக்கு வந்தது. தலை தொடங்கிக் கீழ்நோக்கி 48 நோய்நிலைகள் அதில் ஒழுங்குற விவரிக்கப்பட்டுள்ளன. முதல்நாள் புதிய இறைச்சியை வைத்துக் கட்டுவதும், பின்னர் நாள்தோறும் கொழுப்பும் தேனும் தோய்த்த நாரை இடுவதும் அச்சுருள் விதிக்கும் முறை. தேன் தன்னைச் சூழ்ந்த நீரை ஈர்த்துக் கிருமிகளை வாழவிடாது செய்யும் என்பதை அக்காலத்தார் அறிந்திலர். அறியாமலே அதன் பயனைக் கொண்டனர். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூலோ புண்ணுக்கென 60 செய்முறைகளையும் 14 வகைக் கட்டுகளையும் கூறுகின்றது. புண்ணைக் கெட்ட புண், தூய புண் என இரண்டாகப் பகுத்து, கெட்டதைத் தூய்மையாக்கிய பின்னரே ஆற்றும் மருந்தை இடவேண்டும் என்பது அந்நூலின் நெறி. அழுகிய தசையை முதலில் நீக்கும் இன்றைய சத்திர வைத்தியருக்கு இந்நெறியில் மறுப்பிராது. தமிழ்ச் சித்த வைத்தியர்களிடத்தில் ஊமத்தை இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் துரிசும் சேர்த்துக் காய்ச்சிய மத்தன் தைலம் நாட்பட்ட புண்ணுக்கு வழங்கி வருகின்றது. துரிசிலுள்ள செம்பு கிருமிக்குப் பகை.

கிரேக்கர் வேறு வழி சென்றனர். இப்போகிராத்தேசு பெயரால் வழங்கும் நூல்களுள் புண்களைப் பற்றிய ஒன்று, உலர்ந்தது நலத்துக்கு அண்மையது, ஈரமானது நோய்க்கு அண்மையது என்ற கருத்தோடு தொடங்குகின்றது. திராட்சை மதுவால் கழுவலாம். மற்றபடி புண்ணை உலர்த்துக என்பது அதன் கட்டளை. இக்கட்டளை ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஐரோப்பிய வைத்தியத்தை ஆண்டது. அந்நூலிலேயே இன்னொரு குறிப்பும் உண்டு: காலிற் புண்ணுடையவர் நிற்பதும் நடப்பதும் தகாது, அமைதியாகக் கிடப்பதே நன்று. முதற் கூற்றை உலகம் இறுகப் பற்றிக்கொண்டது. இரண்டாவதை ஏட்டிலேயே விட்டுவிட்டது. பின்னாளில் தவறென்று காட்டப்பட்டது முதலாவதுதான்.

இடைக்காலத்தில் சீழ் நன்மை பயப்பது, அது வடிந்தாலன்றிப் புண் ஆறாது என்னும் கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றியது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தியோடோரிக்கும், அவருக்குப் பின் பிரான்சில் ஆன்றி த மொந்தவீலும் இதனை எதிர்த்தனர். அவர்கள் குரலைக் கேட்டோர் சிலரே.

1537ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை இத்தாலியின் பீடுமொந்துப் பகுதியிற் போர் செய்தபோது, அப்படையோடு அம்புருவாசு பரே என்னும் இளைஞர் சென்றிருந்தார். துப்பாக்கிக் காயம் நஞ்சு தோய்ந்தது என்று எண்ணி, கொதிக்கும் எண்ணெயைக் காயத்துள் ஊற்றுவது அந்நாளைய முறை. பரேயும் அவ்வாறே ஊற்றிவந்தார். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. காயமுற்றோர் வரிசையோ நீண்டிருந்தது. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட்கருவும் பன்னீர்ப்பூ எண்ணெயும் தேவதாரு நெய்யும் கலந்து ஏனையோருக்கு இட்டார். எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் நஞ்சினால் இறந்துகிடப்பார்களோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியுமுன் எழுந்து சென்று பார்த்தார். மென்மையான மருந்து இடப்பெற்றோர் நோவு குறைந்து, வீக்கமின்றி உறங்கியிருந்தனர். எண்ணெய் ஊற்றப்பெற்றோர் காய்ச்சலும் வீக்கமும் பொறுக்கலாகா நோவும் கொண்டு கிடந்தனர். அன்றுமுதல் சூட்டெண்ணெயை அவர் கையால் தொடவில்லை. பிற்காலத்தில் தாம் ஆற்றிய நோயாளரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, கட்டியது மட்டுமே தமது பணி, ஆற்றியவர் இறைவன் என்று அவர் கூறிவந்தார். இதைப் பணிவுரையாகவே பலர் கொள்வர். ஆனால் அவர் கண்ணாற் கண்ட செய்தியே அதில் அடங்கியிருக்கின்றது. உடல் தானே ஆற்றிக்கொள்ளும். வைத்தியர் குறுக்கே நில்லாதிருந்தாற் போதும்.

பரே கண்டது புதுக்காயம். பழம்புண்ணில் குறுக்கே நிற்பது வைத்தியர் மட்டுமன்று. நோயாளியின் உடலுள்ளும் ஒன்று நிற்கின்றது. முதலில் அது கண்டறியப்பட்டது கணுக்காற் புண்ணிலேயே.

காலின் குருதி இதயத்துக்கு மீளவேண்டுமாயின் மேல்நோக்கி ஏறவேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி நாளங்களைப் பிழிகின்றது. நாளங்களினுள்ளே அமைந்த சிறு வாயில்கள் ஏறிய குருதி கீழே வழியாமற் காக்கின்றன. வாயில்கள் பழுதுற்றால் குருதி கணுக்காலிலே தேங்கும். தேங்கிய குருதியின் அழுத்தத்தால் நீர் கசிந்து கால் வீங்கும். தோல் கறுத்துக் கடினமாகும். பின் ஒரு சிறு சிராய்ப்பே புண்ணாகி நின்றுவிடும். நாள்முழுதும் நின்று வேலை செய்வோரையும், பல மகப்பேறு கண்ட தாய்மாரையும் இப்புண் மிகுதியாக வாட்டும். இதன்மேல் எத்தனை களிம்பு இட்டாலும் அடியில் தேங்கிய அழுத்தம் அப்படியே இருக்கும்.

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லசு மன்னரின் சத்திர வைத்தியராயிருந்த ரிச்சர்டு வைசுமன், புடைத்த நாளங்களுக்கும் இப்புண்ணுக்கும் உள்ள தொடர்பை 1676இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கயிறிட்டு இறுக்கும் தோலுறை ஒன்றைக் காலுக்கு அணிவித்தார். ஆயினும் அக்காலத்து மக்கள் மனத்தில் வேறோர் எண்ணம் வேரோடியிருந்தது. பழம்புண் உடலின் தீய நீரை வெளியேற்றும் வாய்க்கால், அதை அடைத்தால் நோய் உள்ளே பாய்ந்து ஆளைக் கொல்லும் என அஞ்சினர். வைத்தியருட் பலரும் இதையே நம்பினர். எனவே ஆற்றக்கூடிய புண்ணும் ஆற்றப்படாதிருந்தது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1797இல், பிரிஸ்டல் நகரத்துத் தோமசு பெயின்டன் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பசை தடவிய துணி நாடாக்களைக் காலைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இறுக ஒட்டி, மேலே பருத்திக் கட்டுச் சுற்றுவது அவர் முறை. படுக்கையிற் கிடக்க வேண்டியதில்லை; நோயாளர் நடமாடலாம், வேலை செய்யலாம். கூலிக்கு உழைக்கும் ஏழையிடம் ஆறு மாதம் படுத்திரு என்று கூறுவது பட்டினியாயிரு என்று கூறுவதற்கு ஒப்பாகும். பெயின்டனுடைய கட்டின் சிறப்பு அதனாலேயே பெரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹம்பேர்க்கு நகரத்துத் தோல் வைத்தியர் பவுல் ஊனா, நாக ஒட்சைட்டும் செலற்றினும் கிளிசரினும் கலந்த பசையில் தோய்த்த கட்டை முழங்கால் வரை சுற்றினார். உலர்ந்ததும் அது ஒரு மென்காலணி போல நிற்கும். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. நாளப்புண்ணுக்கு இறுகக் கட்டுவதே இன்றளவும் முதல் சிகிச்சை.

இதற்கிடையில் கிருமி பற்றிய அறிவு பிறந்தது. கிளாசுகோ நகரில் 1865ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், வண்டிச் சில்லின் கீழ் கால் நசுங்கி எலும்பு வெளிப்பட்ட 11 வயதுச் சிறுவனுடைய காயத்தை யோசேப்பு லிசுட்டர் காபோலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். அந்நாளில் பெரும்பாலும் வெட்டப்படக்கூடிய கால் அது, ஆறிற்று. 1880இல் பேர்மிங்காம் நகரத்துச் சத்திர வைத்தியர் கம்ஜீ, நீரை உறிஞ்சும் பஞ்சை வலைத்துணிக்குள் பொதிந்து கட்டும் அணையை அமைத்தார். வைத்தியசாலைகளிற் பஞ்சும் வலைத்துணியும் வழக்கமானது இக்காலத்திலேயே.

கிருமியைக் கொல்லும் மருந்து கிடைத்ததும், எல்லாப் புண்ணையும் அதனாலேயே வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. முதலாம் உலகப் போர் அந்நம்பிக்கையைச் சோதித்தது. பிரான்சின் கொம்பியேன் நகரில் அலெக்சி கரெலும், இரசாயன அறிஞர் என்றி டேக்கினும், ஏறத்தாழ 0.5 வீதச் சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலை இறப்பர்க் குழாய்களினூடே இரண்டு மணிக்கொரு முறை காயத்துள் பாய்ச்சினர். பலர் பிழைத்தனர். அதே வேளையில் பூலோன் நகரத்துப் படை வைத்தியசாலையில் இருந்த அலெக்சாந்தர் பிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயில் முட்கள் போன்ற குழிவுகளைச் செய்து, அதையே காயமாக வைத்துச் சோதனை நடத்தினார். மருந்து குழிவுகளின் அடியிற் சென்று சேரவில்லை; கிருமிகள் அங்கே உயிரோடிருந்தன. மேலும், கடுமையான மருந்து கிருமியினும் விரைவாகக் கிருமியோடு போரிடும் வெண்குருதிக் கலங்களையே கொன்றது. பின்னாளில் பெனிசிலினால் புகழ்பெற்ற அவர், மருந்து தன்னவரையே கொல்லக்கூடும் என்பதை முதலில் கண்டது இக்காயங்களில்தான்.

அதே போரில் அமெரிக்கச் சத்திர வைத்தியர் வில்லியம் பேயர் கண்ட காட்சி ஒன்று பலருக்கு அருவருப்பூட்டும், ஆயினும் கூறத்தக்கது. தொடையெலும்பு முறிந்தும் வயிற்றிற் காயமுற்றும் ஏழு நாள் போர்க்களத்தில் உணவும் நீருமின்றிக் கிடந்த இரு படைவீரர் 1917இல் கொண்டுவரப்பட்டனர். இருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஆடையை நீக்கியபோது காயங்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. அவற்றைக் கழுவி அகற்றிய பின் காணப்பட்டது அழுகல் அன்று, இளஞ்சிவப்பான புதுத்தசை. ஈயின் புழு இறந்த தசையையே உண்ணும், உயிருள்ளதைத் தீண்டாது. 1920களின் இறுதியில் பேயர் பால்ட்டிமோர் நகரில் எலும்புச் சீழ் கொண்ட சிறுவர்க்குப் புழுக்களை இட்டு ஆற்றினார். சிலருக்கு ஏற்புவலி கண்டமையால் கிருமியற்ற புழுக்களை வளர்க்கும் முறையையும் வகுத்தார். பெனிசிலின் வந்தபின் இம்முறை மறைந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பின் மீண்டும் தலைகாட்டியது; 2004இல் ஐக்கிய அமெரிக்கா இதற்கு முறைப்படி ஒப்புதல் அளித்தது.

போர்க்களம் கற்பித்த வேறொரு பாடமும் உண்டு. நெபுராசுக்காவைச் சேர்ந்த வின்னெற் ஓர், காயத்தைத் துப்புரவாக்கிய பின் காலை முழுவதும் சாந்துக் கட்டினால் மூடி, வாரக்கணக்கில் திறவாதிருந்தார். ஜிப்சம் என்னும் கல்லைச் சுட்டுப் பொடித்த பாரிசுச் சாந்தை வலைத்துணியில் தூவி, நீரில் நனைத்துச் சுற்றும் கட்டு அது. சில நிமிடங்களிற் கல்லாக இறுகும். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் பார்சலோனா நகரத்து யோசெப் துருவேத்தா அம்முறையைப் பெருமளவிற் கையாண்டு, 1,073 பேருள் 6 பேர் மட்டுமே இறந்ததாக எழுதினார். கட்டிலிருந்து எழும் துர்நாற்றம் பொறுக்க முடியாதது என்பதே இம்முறைக்கு எதிரான பெருங்குறை. உள்ளே புண் அமைதியாக ஆறிக்கொண்டிருந்தது.

மூடிய சாந்தின் இவ்வாற்றல், உலகிலேயே ஆறாதது எனக் கருதப்பட்ட புண்ணொன்றுக்குப் பயன்பட்ட இடங்களுள் முதன்மையானது இலங்கை. அப்புண் தொழுநோயாளியின் உள்ளங்காற் புண்.

கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோயாளர் இல்லம் ஆசியாவின் பழமையானவற்றுள் ஒன்று. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் பிற்காலத்தில் அத்தகைய இல்லம் அமைந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் தொழுநோயாளரை வீட்டினின்றும் ஊரினின்றும் பிரித்து வைக்க அதிகாரம் அளித்தது. இவ்வில்லங்களில் வாழ்ந்தோரின் அன்றாடத் துன்பம் பெரும்பாலும் காலிற் புண்ணே. நாள்தோறும் காலையில் வரிசையில் அமர்ந்து கழுவிக் கட்டிக்கொள்வர். கட்டிய காலோடு நடந்து செல்வர். மறுநாள் மீண்டும் வருவர். பத்தாண்டு, இருபதாண்டு இவ்வாறே கழியும். புண் ஆழ்ந்து எலும்பைத் தொடும், எலும்பு கரையும், கால் குறுகும். தொழுநோயாளியின் தசை இயல்பிலேயே கெட்டது, அது அழுகியே தீரும், ஆறும் வலிமை அதற்கில்லை என்று பாமரர் மட்டுமன்றி வைத்தியரும் எண்ணினர். நோயின் கிருமியை ஹன்சன் 1873இலேயே கண்டறிந்திருந்தும் இவ்வெண்ணம் மாறவில்லை.

1930களில் கொழும்பு மருத்துவக் கல்லூரியின் சத்திர வைத்தியப் பேராசிரியர் மில்ரோய் போல் இப்புண்களின் மேல் மருந்தை மாற்றிப் பார்க்கவில்லை. காலை முழங்காலின் கீழ்வரை சாந்தால் மூடி, அச்சாந்தோடேயே நடக்கவிட்டார். ஆறாதவை எனப்பட்ட புண்கள் ஆறின. இந்தியாவில் யோசேப்பு கான் என்னும் வைத்தியர் 1939இல் இத்தகைய முறையை விவரித்து எழுதினார். ஆயினும் ஏன் ஆறின என்னும் வினாவுக்கு விடை வேலூரில் கிடைத்தது.

பவுல் பிராண்டு 1914இல் கொல்லிமலையில் ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திர வைத்தியராக வந்தார். அதன்பின் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் இருந்த ரொபேர்ட் கொக்கிரேன் அவரை அழைத்து, இந்நோயாளரின் முடங்கிய கைகால்களைப் பற்றி ஒரு சத்திர வைத்தியரேனும் ஏன் ஆராயவில்லை என்று வினவினார். பிராண்டு அன்று தொடங்கினார். விரல்கள் எவ்வாறு குறைகின்றன, கால்கள் எவ்வாறு புண்படுகின்றன என்பதை நாள்தோறும் குறித்துவந்தார். துருப்பிடித்த பூட்டொன்றை அவர் திறக்க இயலாது நின்றபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் திறவுகோலை எளிதாகத் திருப்பிவிட்டான். வலிமை அவனுக்கு மிகுதியன்று. தரையில் குருதித்துளி விழுந்ததைக் கண்டு அவன் விரலைப் பார்த்தபோது, எலும்பு தெரியுமளவிற்குத் தோல் கிழிந்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியாது. இரவில் சிலருடைய விரல் நுனிகள் காணாமற் போனதற்குக் காரணம் எலிகள் என்பது விழித்திருந்து காவல் பார்த்தபோது வெளிப்பட்டது; உறங்கியவர் கடியை உணரவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனையொன்றையும் கொடுத்தனுப்பினர்.

ஆக, அழுகியது தசையன்று, இழந்தது நோவு. தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டால் உணர்ச்சி மறைகின்றது. நலமுடைய ஒருவர் நெடுவழி நடக்கையில் உள்ளங்காலின் ஓரிடம் சிவக்கும், சிறிது நோகும், அவரை அறியாமலே நடை மாறி, பாரம் வேறிடத்துக்குச் செல்லும். கொப்புளம் கண்டால் நொண்டுவார். நொண்டுதல் என்பது குறையன்று, உடல் தனக்குத் தானே செய்துகொள்ளும் சிகிச்சை. உணர்விழந்த கால் நொண்டாது. ஓரிடத்திலேயே ஆயிரக்கணக்கான அடிகள் மிதிக்கும். அந்த அழுத்தம் பெரிதன்று. மீண்டும் மீண்டும் விழுவதே தீங்கு. புண் கண்ட பின்னும் அதே நடை தொடரும். நாள்தோறும் மருந்து கட்டிய தாதி ஆற்றியதை, அடுத்த மணியில் நோயாளி தாமே மிதித்து அழித்துவந்தார்.

சாந்து இதைத் தடுத்தது. காலின் வடிவத்துக்கு இயைய அது ஒட்டி நிற்பதால் பாரம் உள்ளங்கால் முழுவதிலும், அதற்கு மேல் காலின் சுற்றளவிலும் பரவுகின்றது. புண்ணின் மேல் விழுவது சிறிதே. அடி குறுகுகின்றது, வீக்கம் வற்றுகின்றது. பிராண்டும் அவர் துணைவரும் சாந்து கட்டிய கால்களில் புண்கள் சில வாரங்களில், நலமுடையோர் தசையைப் போன்றே ஆறியதைக் கண்டனர். கெட்ட தசை என்னும் பழங்கொள்கை அத்துடன் முடிந்தது. சாந்தை நீக்கிய பின் அதே செருப்பில் நடந்தால் புண் மீளும் என்பதனால், நுண்குமிழ் நிறைந்த மென்றப்பர்ப் பாதணிகளை வேலூரிலேயே செய்யத் தொடங்கினர். 1940களில் வந்த சல்போன் மருந்துகளும், 1980களில் வந்த கூட்டு மருந்துகளும் கிருமியை ஒழித்தன. கெட்ட நரம்பை அவை மீட்டுத் தரவில்லை. நோய் நீங்கியவருக்கும் கால் உணர்வற்றே இருக்கும். எனவே மருந்து கிடைத்தபின்னும் சாந்தும் பாதணியும் வேண்டியிருந்தன.

சாந்து எங்கும் ஏற்றதன்று. குருதியோட்டம் குன்றிய காலையும், ஆழத்திற் சீழ் கொண்ட காலையும் மூடுவது ஆபத்து. சாந்து சரியாகப் பொருந்தாவிடில், உணர்வற்ற காலில் அதுவே புதுப்புண்ணை உண்டாக்கும், நோயாளி அறியார்.

சாந்தினுள்ளே நிகழ்ந்தது இன்னொன்றும் உண்டு. 1962இல் இலண்டனில் ஜோர்ச்சு விண்டர் பன்றிகளின் தோலில் ஆழமற்ற சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார்; சிலவற்றைப் பொலித்தீன் தாளால் மூடினார். மூடப்பட்டவை ஏறக்குறைய இரு மடங்கு விரைவில் தோல் மூடின. காற்றில் உலர்ந்த காயத்தில் பொருக்கு இறுகுகின்றது. புதிய தோற்கலங்கள் அதன் கீழ்த் துளைத்துச் செல்ல நேர்கின்றது. ஈரமான பரப்பில் அவை தடையின்றி ஊர்ந்து செல்கின்றன. அடுத்த ஆண்டே மனிதரிலும் இது காட்டப்பட்டது. உலர்ந்ததே நலம் என்ற கிரேக்கக் கட்டளை இவ்வாறு கவிழ்ந்தது. ஈரத்தைக் காக்கும் கூழ்ப்படலங்களும், கடற்பாசியிற் செய்த அணைகளும், காற்றை உறிஞ்சிக் காயத்தை இழுக்கும் பொறிகளும் அதன்பின் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்த பயன் உண்டு, விலையும் உண்டு.

பிராண்டு 1966இல் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே தொழுநோயாளர் சிலரே. ஆயின் அதே உள்ளங்காற் புண்ணோடு, அதே உணர்வற்ற காலோடு, பெருந்தொகையினர் அந்நாடெங்கும் இருந்தனர். அவர்கள் நீரிழிவு நோயாளர். நீண்டநாள் மிகுந்திருக்கும் குருதிச் சீனி நரம்பைக் கெடுப்பதால் அவர்களுடைய கால்களும் நோவை இழக்கின்றன. கொழும்பிலும் வேலூரிலும் ஏழைத் தொழுநோயாளருக்குச் சுற்றிய சாந்து அமெரிக்க நீரிழிவுச் சிகிச்சைக்குள் நுழைந்தது இவ்வழியே. 1989இல் வெளியான ஒப்பாய்வொன்றில் சாந்திட்ட 21 புண்களுள் 19 ஆறின. சராசரி 42 நாள். வழக்கமான மருந்துக் கட்டு இடப்பெற்ற 19 புண்களுள் ஆறியவை 6 மட்டுமே.

இன்னும் வியப்பூட்டுவது 2003இல் வெளியான ஆய்வு. கழற்றக்கூடிய பாதுகாப்புப் பாதணி கொடுக்கப்பெற்ற நீரிழிவு நோயாளரின் அடிகளைச் சிறு கருவிகளால் எண்ணினர். அவர்கள் நடந்ததில் 28 வீதமே அப்பாதணியோடு நடந்தது. வெளியே செல்கையில் அணிந்தவர்கள் வீட்டினுள் கழற்றிவைத்துவிட்டு நடந்தனர். நோவு தெரியாத காலை எச்சரிக்கையால் மட்டும் காப்பது எவருக்கும் அரிது, அவர்களைப் பழிப்பதற்கில்லை. கழற்ற முடியாமை என்பதே சாந்தின் பெருவலிமை என்பது இதனால் தெளிவாயிற்று. கழற்றும் பாதணியின் மேலேயே ஒரு சுற்றுச் சாந்துத் துணியைச் சுற்றிவிடும் எளிய வழியும் பின்னர் கையாளப்பட்டது. உள்ளங்காலிலுள்ள நீரிழிவுப் புண்ணுக்குக் கழற்றவியலாத, முழங்காலளவான கவசமே முதல் தேர்வு என்று பன்னாட்டு வழிகாட்டிகள் இன்று கூறுகின்றன.

ஆயினும் 2008இல் ஐக்கிய அமெரிக்காவில் கால்புண் சிகிச்சை நிலையங்களைக் கேட்டறிந்தபோது, பெரும்பாலான புண்களுக்குச் சாந்தைக் கையாண்டவை நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. களிம்புக் குப்பியைத் திறப்பதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. சாந்துக்கு வாரந்தோறும் அதனை அறுத்து, காலைக் கழுவி, புண்ணின் விளிம்பை அளந்து, எலும்பு முனைகளுக்கு மெத்தையிட்டு, மீண்டும் சுற்றும் தேர்ந்த கை வேண்டும். அக்கையைப் பழக்கும் இடங்களுள் ஒன்று, வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பெற்ற தொழுநோய் ஆராய்ச்சி நிலையம்.